பெரிய நிலநடுக்கத்தைப் படிக்க எது தோது: வானத்து ராடாரா, தரையில் நட்ட ஜிபிஎஸ் தூணா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில் என் அக்கா வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்தால் வடக்கே ஜெராய் மலை தெரியும். மற்ற மூன்று பக்கமும் செம்பனைதான். பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தபோது அக்கா மகள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். ஆறாம் படிவம் படிக்கிறாள். அவளும் அவளோடு படிக்கிற பையன் ஒருவனும் சேர்ந்து பெரிய நிலநடுக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு செய்து பள்ளியில் கொடுக்க வேண்டும். எட்டு வாரம் கெடு. கையில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி.

"மாமா, இதைப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. நாங்க இதைத்தான் செய்யப் போறோம்."

2023 பிப்ரவரியில் துருக்கியில் நடந்த நிலநடுக்கத்தின் ராடார் படம் அது. வானவில்லை நெருக்கி நெருக்கி மடித்து வைத்ததுபோல் நிலம் முழுக்க வண்ண வரிகள். பையனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. "அங்கிள், நம்ம பக்கம் வந்தது 2004 சுனாமி. அதைத்தானே நாம படிக்கணும்? அதுக்கு ஜிபிஎஸ் தரவு இருக்குன்னு வாசிச்சேன்" என்றான்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் நில அளவை வேலை பார்க்கிறவன். தோட்ட எல்லைக் கல்லைத் தேடுவதும், மறுநடவுக்கு முன் பரப்பளவு எடுப்பதும் என் பிழைப்பு. ஜிபிஎஸ் என் கைக்குப் பழகிய கருவி. ராடாரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் மூன்று பேரும் உட்கார்ந்து இரண்டையும் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தோம். இதே கேள்வியோடு இருக்கிற மற்ற மாணவர்களுக்கும் உதவட்டும் என்று அதை எழுதுகிறேன்.

பத்து நிமிடம், நான்கு மணி நேரம்

2004 டிசம்பர் 26. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். மலேசிய நேரம் காலை 8:58-க்குச் சுமத்ராவின் மேற்குக் கடலடியில் நிலத்தட்டுகள் சேரும் இடம் வழுக்கத் தொடங்கியது. அங்கிருந்து வடக்கே அந்தமான் வரை, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அது கிழிந்துகொண்டே போனது. அளவு 9.1. மதியம் ஒரு மணிக்கு மேல் அலை பினாங்குக்கும் எங்கள் கெடாக் கரைக்கும் வந்து சேர்ந்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். காதோடு காதாக விலை பேசும் மீன் சந்தைக்குப் பேர்போன கோத்தா கோல மூடாவில் அலை வீடுகளையும் படகுகளையும் வாரிப் போட்டது. உடைந்த படகுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அங்கே ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பீடோங்கிலிருந்து காரில் போனால் அதிக தூரமில்லை.

நிலம் அசைந்ததற்கும் அலை வந்ததற்கும் நடுவே நான்கு மணி நேரம் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் வெளியிட்ட முதல் அறிக்கையில் அளவு 8.0 என்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்று திருத்தினார்கள். உண்மையான அளவு தெளிவாக இன்னும் பல மணி நேரம் பிடித்தது. 8.0-க்கும் 9.1-க்கும் நடுவே வெளிப்படும் ஆற்றலில் நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அளந்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. நிலநடுக்கப் பதிவுக் கருவி அதிர்வை அளக்கிறது. எட்டு, பத்து நிமிடம் நீண்டு கிழிகிற ஒரு பிளவின் முழு அளவை முதல் சில நிமிட அதிர்வுகளை வைத்துச் சொல்வது கடினம். வேகமான அதிர்வு ஒரு கட்டத்துக்கு மேல் பெருகாது. மிகப் பெரிய நிலநடுக்கமும் பெரிய நிலநடுக்கமும் அதில் ஒரே மாதிரி தெரியும்.

ஜிபிஎஸ் அளப்பது அதிர்வை விட்டுவிட்டு இடத்தை. ஒரு தூண் நேற்று எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். தென்கிழக்காசியாவில் அன்று இயங்கிக்கொண்டிருந்த சுமார் 60 நிலையங்களின் தரவைப் பிற்பாடு கணக்கிட்டபோது, பூகம்ப மையத்திலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் நிலம் சிறிது இடம் மாறியிருந்தது தெரிந்தது. வட தாய்லாந்து நிலையங்கள் பத்து நிமிடத்துக்குள் தங்கள் புது இடத்துக்குப் போய் நின்றுவிட்டன. முதல் 15 நிமிட ஜிபிஎஸ் தரவு கையில் இருந்திருந்தால் அளவு 9-ஐ ஒட்டியது என்று சொல்லியிருக்கலாம் என 2006-இல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. அன்றைக்கு அந்தத் தரவை உடனுக்குடன் வாங்கிக் கணக்கிட்டுச் சொல்லும் ஏற்பாடு இங்கே யாரிடமும் இல்லை.

2011 மார்ச் 11-இல் ஜப்பானில் இதே கதை திரும்ப நடந்தது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜிபிஎஸ் தூண்கள் இருந்தன. ஓஷிகா தீபகற்பத்தில் இருந்த தூண் 5 மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. ஆனால் முதல் எச்சரிக்கை அதிர்வுக் கருவிகளை நம்பி 7.9 என்றே போனது. உண்மையில் அது 9-ஐத் தொட்ட நிலநடுக்கம். அதற்குப் பிறகுதான் ஜிபிஎஸ்ஸை எச்சரிக்கை வேலைக்கே பயன்படுத்தும் முயற்சிகள் வேகம் பிடித்தன.

ராடார் செயற்கைக்கோள் அடுத்த முறை தலைக்கு மேல் வர நாள் கணக்கில் ஆகும். எனவே 'எவ்வளவு பெரியது, இப்போதே சொல்' என்று கேட்டால் போட்டியே கிடையாது. பையனின் கட்சிக்கு முதல் புள்ளி.

தூண் சொல்வது, தூண் சொல்லாதது

அக்கா மகள் உடனே ஒன்று கேட்டாள். "என் கைப்பேசியிலயும்தான் ஜிபிஎஸ் இருக்கு. அது என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டுதே, அதை வச்சு எப்படி மில்லிமீட்டர் அளப்பாங்க?"

நல்ல கேள்வி. கைப்பேசிக்குச் சில மீட்டர் பிழை இருக்கும். நிலநடுக்க ஆய்வுக்கு வைக்கும் நிலையம் வேறு ரகம். பாறையிலோ ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூணிலோ அலைவாங்கியை ஆணி அடித்ததுபோல் பொருத்திவிடுவார்கள். செயற்கைக்கோள் அனுப்பும் அலை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீளம். அந்த அலையின் எந்தப் பகுதி இப்போது வந்து சேர்கிறது என்பதையே கருவி எண்ணும். ஒரு முழு நாள் தரவைச் சேர்த்துக் கணக்கிட்டால் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் சில மில்லிமீட்டர் துல்லியம் கிடைக்கும். மேலே கீழே அளப்பதில் மட்டும் பிழை இரண்டு மூன்று மடங்கு கூடும். நான் தோட்டத்தில் தூக்கிக்கொண்டு திரியும் கருவி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. திறந்த வெளியில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குச் சரியாக இருக்கும். பனை மட்டைக்குக் கீழே போனால் அலை தடைபட்டு, தெறித்து, கணக்கு குழம்பிவிடும். வெட்டவெளி கிடைக்கும் வரை நடந்து போய் அளப்பதே எங்களுக்கு வழக்கம்.

2004-இல் லங்காவித் தீவு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் மேற்கே போனது. தாய்லாந்தின் புக்கெட் 27 சென்டிமீட்டர். நம் தீபகற்பம் உட்கார்ந்திருக்கும் நிலத்தட்டு சாதாரண நாளில் வருஷத்துக்கு 3 சென்டிமீட்டர் அளவுக்குக் கிழக்கே நகர்கிறது. ஐந்தாறு வருஷம் போன தூரத்தை லங்காவி சில நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. இந்த இடமாற்றங்களின் காரணமாக நில அளவை, வரைபடத் துறை ஒவ்வோர் இடத்துக்கும் இருப்பிட எண் கொடுக்க நாடு வைத்திருக்கும் அடிப்படையான ஜிடிஎம்2000-ஐப் பிறகு திருத்த வேண்டிவந்தது. ஒரே எல்லைக் கல்லுக்குப் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று என்று நாங்கள் இரண்டையும் பார்த்து வேலை செய்கிறோம்.

அந்தத் திருத்தத்தின்போது தோட்டத்துக் கிராணி ஒருவர் என்னிடம், "அப்போ நம்ம தோட்டத்து நிலம் சுருங்கிப் போச்சா?" என்று கேட்டார். சுருங்கவில்லை. கொஞ்சம் நீண்டது என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் லங்காவி நகர்ந்த அளவுக்குத் தெற்கே இருப்பவை நகரவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் பரவிய பத்துச் சென்டிமீட்டர் வித்தியாசம் அது. ஐந்து கிலோமீட்டர் அகலத் தோட்டத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்கூட வராது. எல்லாக் கல்லும் சேர்ந்தே நகர்ந்தன.

சரி, தூணின் குறை என்ன? அது ஒரு புள்ளி. தூண் இருக்கிற இடத்தைப் பற்றி அது சொல்வதை அப்படியே நம்பலாம். இரண்டு தூணுக்கு நடுவே என்ன நடந்தது என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். 2004-இல் தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருந்த தூண்களில் பெரும்பாலானவை பிளவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தன. பிளவின் நீளத்தையும், வழுக்கல் வடக்கே எவ்வளவு தூரம் போனது என்பதையும் அவை நன்றாகச் சொல்லின. கடல் அகழிக்கு அருகே எந்த இடத்தில் அதிகம் வழுக்கியது என்பதில் அவற்றால் தெளிவாகப் பேச முடியவில்லை. சுமத்ராவின் மேற்குத் தீவுகளில் 2002-இலிருந்து நடத் தொடங்கிய தூண் வரிசை பிறகு வடக்கே நீண்டது. பவளப் பாறைகள் எவ்வளவு உயர்ந்தன, தாழ்ந்தன என்று கடற்கரையில் அளந்தும் சில இடைவெளிகளை நிரப்பினார்கள். 2005 மார்ச் 28 நிலநடுக்கத்தில் நியாஸ் தீவின் மேற்குக் கரை ஏறக்குறைய 3 மீட்டர் உயர்ந்தது அப்படித்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

அந்தமான், நிகோபாரில் இன்னொரு வழி. முன்பே அளந்து வைத்திருந்த கற்களுக்கு இந்திய ஆய்வாளர்கள் நிலநடுக்கத்துக்குப் பிறகு கருவியோடு திரும்பப் போய் அளந்தார்கள். சில தீவுகள் பல மீட்டர் தென்மேற்கே போயிருந்தன. எனக்கு இந்த வேலையின் மேல் தனி மரியாதை. அலை அடித்துப் போன தீவில், பழைய கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் முக்காலியை நிறுத்துவது என்ன பாடு என்று எங்களுக்குத் தெரியும்.

வண்ண வரியைப் படிப்பது எப்படி

இப்போது அக்கா மகளின் கட்சி.

சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ராடார் செயற்கைக்கோள் சுமார் 693 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. 5.6 சென்டிமீட்டர் நீள அலையைப் பக்கவாட்டில் தரைக்கு அனுப்பித் திரும்பி வருவதைப் பதிகிறது. 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடி பதிகிறது. இடையில் நிலம் நகர்ந்திருந்தால் அலை திரும்பி வரும் தூரம் மாறியிருக்கும். இரண்டு பதிவையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் அந்த மாற்றம் வண்ண வரிகளாக வந்து நிற்கும். ஒரு வரி முழுதாகச் சுற்றி அடுத்த வரி வந்தால், நிலம் செயற்கைக்கோளை நோக்கியோ விலகியோ 2.8 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று பொருள். மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்வதுபோல வரியை எண்ணி இடமாற்றத்தைச் சொல்லலாம்.

இதை முதன்முதலில் செய்து காட்டியது 1992-இல் கலிபோர்னியாவில் நடந்த லாண்டர்ஸ் நிலநடுக்கத்துக்கு. அதுவரை ஆய்வாளர்கள் சில கற்களை அளந்து ஊகித்ததை, ஒரே படத்தில் பாலைவனம் முழுக்கப் பார்த்தார்கள். இன்றைய சென்டினல் படம் என்றால் 250 கிலோமீட்டர் அகலம், சில பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. தரையில் ஒரு ஆள்கூடப் போக வேண்டாம். 2015 நேப்பாள நிலநடுக்கத்தில் காத்மாண்டுப் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்ததும், அதற்கு வடக்கே மலைப்பக்கம் தாழ்ந்ததும் ராடாரில் அகல விரித்துத் தெரிந்தன. சாலை இல்லாத மலையில் அத்தனை தூண் நட யாராலும் முடியாது. அழகுக்காக மட்டும் அவள் இதைக் கேட்கவில்லை என்பதை நானும் ஒத்துக்கொண்டேன். பிளவு எங்கே ஓடுகிறது, எங்கே வளைகிறது, எங்கே மேலே வராமல் புதைந்து நிற்கிறது என்று பார்க்க இதற்கு நிகர் இல்லை.

ஆனால் மூன்று இடத்தில் இது காலை வாரும். மூன்றையும் தெரியாமல் இறங்கினால் எட்டு வாரம் வீணாகும்.

முதலாவது எங்கள் வாசலிலேயே இருக்கிறது. செம்பனை. வாசல் கோலத்தை யாராவது மிதித்தார்களா என்று காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் வைத்து ஒப்பிடலாம். இடையில் ஒருவர் கோலத்தை அழித்து வேறு கோலம் போட்டுவிட்டால் ஒப்பிட என்ன இருக்கிறது? 5.6 சென்டிமீட்டர் அலை பனை மட்டையின் மேல்பகுதியிலேயே பட்டுத் திரும்பிவிடும். காற்றில் மட்டை அசையும், மழையில் நனையும், குலை வெட்டும்போது மட்டையும் விழும். பன்னிரண்டு நாள் கழித்து அதே கோலம் இருக்காது. சுங்கை பட்டாணியின் கூரைகளும் சாலைகளும் படத்தில் பொருந்தி வரும், சுற்றியுள்ள தோட்டமும் ஜெராய்க் காடும் உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிடும். சுமத்ராத் தீவுக் காடுகளுக்கும் அதே கதி. துருக்கியின் வறண்ட நிலத்தில் வரிகள் அவ்வளவு சுத்தமாக வந்ததற்கு நிலமே காரணம்.

அலையின் நீளத்தைக் கூட்டினால் இது வெகுவாகக் குறையும். 24 சென்டிமீட்டர் அளவு நீளமுள்ள அலை மட்டையைத் தாண்டி நடுமரத்தையும் தரையையும் தொடும். ஜப்பானின் அலோஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் இந்த ரகம். முதல் அலோஸ் 2006 ஜனவரியில்தான் மேலே போனது, 2004-ஐத் தவறவிட்டது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இனி வரும் நிலநடுக்கங்களில் நம்மைப் போன்ற பச்சை நாடுகளுக்கு அதுதான் பெரிய நம்பிக்கை.

இரண்டாவது, ராடாருக்கு ஒரு பக்கப் பார்வைதான். இந்தச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் பறந்து, பக்கவாட்டில் பார்க்கின்றன. நிலம் கிழக்கு மேற்காகவோ மேலே கீழேயோ போனால் தூரம் மாறும், வரி விழும். வடக்கு தெற்காகப் போனால் தூரம் பெரிதாக மாறாது. 2025 மார்ச் 28-இல் மியன்மாரில் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தது. அங்கே சகாயிங் பிளவு தெற்கு வடக்காகவே ஓடுகிறது, நிலமும் அந்தத் திசையிலேயே சில மீட்டர் வழுக்கியது. வரி எண்ணும் முறைக்கு அது மிகவும் பாதகமான திசை. ஆய்வாளர்கள் வேறு வழிக்குப் போனார்கள். முன்னும் பின்னும் எடுத்த ராடார் படங்களையும், சாதாரண ஒளிப்படச் செயற்கைக்கோள் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எந்த வயல், எந்தச் சாலை எவ்வளவு தள்ளிப்போனது என்று புள்ளி புள்ளியாக அளந்தார்கள். துல்லியம் குறைவு, ஆனால் மீட்டர் கணக்கில் நகர்ந்த இடத்தில் அதுவே போதும். ஜிபிஎஸ் தூணுக்கு இந்தத் தொல்லை கிடையாது, மூன்று திசையும் தனித்தனியாகக் கிடைக்கும்.

மூன்றாவது நேரம். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று ஒன்பது மணி நேர இடைவெளியில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள், 7.8 ஒன்று, 7.5 ஒன்று. சென்டினல் ஜனவரிக் கடைசியில் ஒரு முறை போனது, அடுத்து பிப்ரவரி 9, 10 வாக்கில் வந்தது. அவள் காட்டிய படத்தில் இரண்டு நிலநடுக்கமும், அதற்குப் பிந்தைய நாட்களின் சிறு நகர்வுகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எது காலையில் நடந்தது, எது மதியம் நடந்தது என்று படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது சிரமம். ஒவ்வொரு நொடியும் பதிந்துகொண்டிருந்த தூண்கள்தான் அதைப் பிரித்துச் சொல்லும்.

கடலை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதற்கு விவாதமே தேவையில்லை. ராடார் கடலடியைப் பார்க்காது. 2004 பிளவு பெரும்பாலும் கடலுக்கு அடியில் இருந்தது. இருந்தாலும் ராடார் அங்கே வேறு விதத்தில் உதவியது. வரியை எண்ணாமல் வெறும் கறுப்பு வெள்ளைப் படமாக வைத்து, நிலநடுக்கத்துக்குப் பின் எந்தத் தீவைச் சுற்றிப் பவளத் திட்டு புதிதாக வெளியே வந்திருக்கிறது, எந்தக் கரை தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். உயர்ந்த பக்கத்துக்கும் தாழ்ந்த பக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு போட முடிந்தது. போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. கிரேட் நிகோபாரின் தென்கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, அதன் அடிப்பகுதி கடலுக்குள் நிற்கிறது. கடலடியையே நேராக அளக்க ஒலியையும் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்த முறை ஒன்று உண்டு. 2011-இல் ஜப்பான் கடலடி ஓரிடத்தில் 24 மீட்டர் நகர்ந்தது அப்படித்தான் தெரிந்தது. கப்பல் வேண்டும் என்பதால் மாணவர்களுக்கு அது எட்டாது.

வேலைப்பளு

எட்டு வாரத்தில் முடிய வேண்டும் என்றால் இதுவும் பெரிய விஷயம்.

ஜிபிஎஸ் பக்கம் மிக எளிது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் உள்ள நெவாடா ஜியோடெடிக் லேபரட்டரி, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிலையங்களின் அன்றாட இருப்பிடத்தைக் கணக்கிட்டு இலவசமாகத் தருகிறது. ஒரு நிலையத்துக்கு ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. தேதி, கிழக்கு, வடக்கு, உயரம் என்று பத்தி பத்தியாக இருக்கும். எக்செல்லில் திறந்து கோடு போடத் தெரிந்தால் போதும். நம் பக்கத்துக்கு மேடான் அருகே உள்ள சம்பாலி நிலையமும், சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழக நிலையமும் நல்ல தொடக்கம். இரண்டும் 2004-க்கு முன்பிருந்தே இயங்கியவை. நம் நாட்டு நிலையங்களின் தரவுக்கு அளவைத் துறையில் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும், பள்ளி வேலைக்கு அது தேவைப்படாது.

ராடார் பக்கம், மூலத் தரவை இறக்கிச் சொந்தமாகக் கணக்கிடுவதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு படமே பல ஜிபி. ஒரு ஜோடியைக் கணக்கிடும்போது பழைய மடிக்கணினி நினைவகம் போதாமல் நின்றுவிடும். அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, எந்த இரண்டு தேதி என்று சொன்னால் அவர்களுடைய கணினியிலேயே வரிப் படம் செய்து இலவசமாகத் தருகிறார்கள். இதுதான் மாணவர்களுக்கு ஏற்ற வழி. ஆனால் படம் கையில் வந்த பிறகுதான் சிரமம் தொடங்கும். பிளவுக்கு அருகே வரிகள் நெருங்கி நெருங்கி எண்ண முடியாமல் போகும். ஈரக்காற்று அடர்ந்த இடத்தில் அலை தாமதமாகி, நிலம் நகராமலே ஒரு வரி, இரண்டு வரி விழும். எந்த இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது என்பதும் படத்தில் இருக்காது. ராடார் சொல்வது ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். அதைப் பூமியோடு சேர்த்துக் கட்ட அங்கே ஒரு தூணாவது வேண்டும். அதனால்தான் பெரிய ஆய்வுகளில் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.

என் தீர்ப்பு

கருவியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், நிலநடுக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். கடலடியில் நடந்ததா? தூண். காடும் தோட்டமும் மூடிய இடமா? பழைய நிலநடுக்கம் என்றால் தூண், இனி வருவது என்றால் நீண்ட அலை ராடாரும் சேரட்டும். வறண்ட தரையில், கிழக்கு மேற்காக நகர்ந்ததா? தயங்காமல் ராடார். நேரத்தைப் பற்றிய கேள்வியா, எது முதலில் எது பிறகு என்றா? எங்கே நடந்தாலும் தூண்தான்.

சபாவில் 2015 ஜூன் 5-இல் நடந்த ரானாவ் நிலநடுக்கத்தை எடுக்கலாமா என்று பையன் கேட்டான். கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்த துயரம் அது, சொந்த நாட்டில் நடந்தது, கேட்பது நியாயம். ஆனால் அளவு 6-ஐ ஒட்டியது என்பதால் நிலம் நகர்ந்த அளவும் சிறியது, இடமோ செங்குத்தான காட்டு மலை. முதல் முயற்சிக்கு அதை எடுக்க வேண்டாம் என்றேன்.

கடைசியில் முடிவானது இது. முதல் ஐந்து வாரம் 2004-க்கு. சம்பாலி, சிங்கப்பூர் இரண்டின் கோப்பையும் எடுத்து, டிசம்பர் 26-க்கு முந்தைய பத்து நாள் சராசரியையும் பிந்தைய பத்து நாள் சராசரியையும் கழித்து, வரைபடத்தில் அம்புக்குறி போடுவது. இது பையன் பொறுப்பு. மீதி மூன்று வாரம் துருக்கிக்கு. ஆயத்தமாகக் கிடைக்கும் வரிப் படத்தில், பிளவிலிருந்து தள்ளி வரிகள் தெளிவாக உள்ள ஓரிடத்தில் எண்ணி, நகர்ந்த தூரத்தைச் சொல்வது. அது அக்கா மகள் பொறுப்பு. அதே ராடாரை எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு ஜோடி கேட்டு வாங்கி, தோட்டம் எப்படிக் கலைந்து தெரிகிறது என்று பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அதைவிடத் தெளிவாக அந்தக் குறையை விளக்க முடியாது.

போன புதன்கிழமை இரவு சம்பாலியின் கிழக்கு மேற்குக் கோட்டை அவர்கள் வாட்சாப்பில் அனுப்பினார்கள். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே ஏறிக்கொண்டிருந்த புள்ளிகள், 2004 முடியப் போகிற இடத்தில் பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கியிருந்தன. அதற்குப் பிறகும் கோடு பழையபடி உடனே ஏறவில்லை, வளைந்து வளைந்து போனது. "மாமா, நிலநடுக்கம் முடிஞ்ச பிறகும் ஏன் பழைய வேகத்துக்கு வரலை?" என்று கீழே எழுதியிருந்தாள். வழுக்கிய பிளவு உடனே பூட்டிக்கொள்வதில்லை, அதற்கடியில் உள்ள சூடான பாறை மெல்ல மெல்ல ஒழுகி இடம் கொடுக்கிறது, அது பல வருஷம் நீளும் என்று பதில் போட்டேன். அந்த வளைவை எத்தனை வருஷத்துக்குப் பார்க்க முடிகிறது என்று இப்போது இருவரும் சேர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.